பாட் தாய்: பாதி வேக்காடு தண்ணீரில், மீதி வாணலியில்

தாய்லாந்தின் அரிசி நூடுல்ஸ் உணவான பாட் தாயை வீட்டில் முதன்முறை செய்பவர்களில் பலருக்கும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. புளி, சர்க்கரை, மீன் சாஸ் எல்லாம் அளவாகச் சேர்த்திருப்பார்கள். சுவையும் ஏறக்குறைய சரியாகவே வந்திருக்கும். நூடுல்ஸ் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி, கரண்டியில் எடுத்தால் கட்டியாக வரும். எனக்கும் முதல் மூன்று நான்கு தடவை அப்படித்தான் வந்தது. சாஸின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அடுப்பை மூட்டுவதற்கு முன்னாலேயே, நூடுல்ஸைக் கொதிநீரில் போட்டு வடித்தபோதே தவறு நடந்துவிட்டது என்று புரிய நாளாயிற்று.

நூடுல்ஸ் வாணலிக்குள் போகும்போது அரை வேக்காட்டில் இருக்க வேண்டும். மீதி வேக்காட்டை அது புளிச்சாற்றைக் குடித்துக்கொண்டே முடிக்க வேண்டும். பாட் தாயின் அடிப்படை இதுதான். மற்றதெல்லாம் இதையொட்டியே வருகிறது: எவ்வளவு நேரம் ஊறவைப்பது, சாஸை எவ்வளவு கெட்டியாக வைப்பது, ஒரு தடவைக்கு எத்தனை பேருக்குச் செய்வது, முளைப்பயறை எப்போது போடுவது என எல்லாமே.

தாய் மொழியில் இதன் முழுப்பெயர் 'குவைத்தியாவ் பத் தாய்'. 'பத்' என்றால் வாணலியில் வதக்கிக் கிளறுவது. 'தாய்' என்பது நாட்டையும் மக்களையும் குறிக்கும் சொல். 'குவைத்தியாவ்' என்பது தென்சீனத்தில் இருந்து குடியேறியவர்களோடு வந்த சொல், அரிசி மாவுப் பட்டை என்று பொருள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களுக்கு 'சார் குவே தியாவ்' நன்றாகத் தெரிந்த உணவு. அதில் வரும் 'குவே தியாவ்' இதே சொல்தான். வாணலியில் நூடுல்ஸ் கிளறும் முறை சீனர்களுடையது. புளியும் பனஞ்சர்க்கரையும் மீன் சாஸும் சேர்ந்த சுவை தாய்லாந்தினுடையது. பெயரிலேயே அந்தச் சேர்க்கை தெரிகிறது.

இந்த உணவு நாட்டின் அடையாளமாக வளர்ந்ததில் அரசுக்கும் பங்கு உண்டு. 1938இல் பிரதமரான பிளேக் பிபுன்சொங்கிராம், சயாம் என்ற நாட்டின் பெயரை 1939இல் தாய்லாந்து என்று மாற்றினார். உடை, பேச்சு, உணவு என அன்றாட வாழ்க்கையையே ஒரு தேசிய வார்ப்பில் கொண்டுவர முயன்றவர் அவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவருடைய அரசு மக்களை நூடுல்ஸ் சாப்பிடச் சொல்லி ஊக்குவித்தது. பாட் தாய் பரவியது அந்தக் காலத்தில்தான். பின்னாளில், 2002இல், வெளிநாடுகளில் தாய்லாந்து உணவகங்களைப் பெருக்க அந்த நாட்டு அரசு தனித் திட்டமே வகுத்தது. உலகின் எந்தப் பெருநகரத்துக்குப் போனாலும் பாட் தாய் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நூடுல்ஸ்

கடையில் வாங்கும் உலர்ந்த அரிசி நூடுல்ஸைப் பச்சை மாவு என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஏற்கெனவே ஒருமுறை வெந்தது. அரிசியை ஊறவைத்து அரைத்து, மாவை மெல்லிய தகடாக ஊற்றி ஆவியில் வேகவைத்து, கீற்றுகளாக வெட்டிக் காயவைக்கிறார்கள். இலை வடாம் போட்டுப் பழகிய வீடுகளுக்கு இது புரிய ஒரு நொடி போதும். ஆவியில் வெந்து காய்ந்த மாவு எப்படிக் கண்ணாடி போல் விறைத்துக்கொள்கிறதோ, அதேபோலத்தான் இதுவும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது இழந்த ஈரத்தைத் திருப்பிக் கொடுப்பது. பச்சைத் தண்ணீரில் ஊறும்போது ஈரம் மெதுவாக உள்ளே போகும், மாவுச்சத்து வெளியே கரைந்து வழியாது. கொதிநீரில் போட்டால் வெளிப்புறம் உடனே குழைந்து பசையாகிவிடும், நடுப்பகுதி அதற்குள் சரியாக ஊறியிருக்காது. அந்தப் பசையோடு வாணலியில் கொட்டி, மேலும் சாஸை ஊற்றிக் கிளறினால் களிதான் கிடைக்கும். பாக்கெட்டின் பின்புறம் வேகவைக்கச் சொல்லி அச்சிட்டிருந்தாலும் பாட் தாய்க்கு அதைப் பின்பற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. சூப்பில் போட்டுச் சாப்பிட அது சரி.

வாங்கும்போது அகலத்தைப் பாருங்கள். 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டையான நூடுல்ஸ் வேண்டும். தாய்லாந்தில் இந்த வகையை 'சென் லெக்', அதாவது சிறிய கீற்று, என்பார்கள். கிழக்குப் பகுதியில் உள்ள சந்தபுரி மாகாணத்தின் பெயரால் வழங்கும் 'சென் சன்' என்ற வகை பாட் தாய்க்குப் பேர்போனது, கிளறினாலும் எளிதில் உடையாது. சேமியா போன்ற மெல்லிய அரிசி நூடுல்ஸ் இதற்கு ஒத்துவராது, சாஸ் பட்டவுடன் குழைந்துவிடும். கோதுமை நூடுல்ஸில் செய்தால் அது வேறு உணவு.

இரண்டு பேருக்கு 150 கிராம் உலர்ந்த நூடுல்ஸ் போதும். பார்க்கக் குறைவாகத் தெரியும், ஊறியதும் பெருகிவிடும். முழுதும் மூழ்கும் அளவு பச்சைத் தண்ணீரில் முக்கால் மணி நேரம் ஊறட்டும். வெயில் காலத்தில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும் ஊர்களில் அரை மணி நேரத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள். ஒரு கீற்றை எடுத்து விரலில் சுற்றுங்கள். ஒடியாமல் சுற்ற வேண்டும். கடித்தால் நடுவில் இன்னும் விறைப்பு இருக்க வேண்டும். 'இது வேகவில்லையே' என்று தோன்றினால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். உடனே சல்லடையில் கொட்டி நன்றாக வடியவிடுங்கள். புதிதாகச் செய்பவர்கள் இந்தக் கட்டத்தில் கத்தரிக்கோலால் நூடுல்ஸை ஒருமுறை குறுக்கே வெட்டிவிட்டால் கிளறுவது பாதிச் சுலபமாகும்.

புளிப்பு, இனிப்பு, உப்பு

பாட் தாயின் சாஸில் மூன்றே பொருள்கள். புளி, பனஞ்சர்க்கரை, மீன் சாஸ். மூன்றில் இரண்டு நம் அடுக்களையிலேயே இருக்கின்றன என்று சந்தோஷப்படலாம். ஆனாலும் இரண்டிலும் சற்றுக் கவனம் வேண்டும்.

நாம் குழம்புக்கு வைத்திருக்கும் பழைய கறுத்த புளி, தாய்லாந்துச் சமையலில் புழங்கும் புளியைவிடப் புளிப்பும் நிறமும் கூடுதல். புதுப்புளி கிடைத்தால் அதையே எடுங்கள். 30 கிராம் புளியை, அதாவது எலுமிச்சையளவு உருண்டையை, ஆறு மேசைக்கரண்டி வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்தால் நான்கைந்து மேசைக்கரண்டி சாறு கிடைக்கும். ரசத்துக்குக் கரைப்பது போல நீர்க்கக் கரைத்தால் வாணலியில் தண்ணீர் மிஞ்சும், நூடுல்ஸ் வறுபடாமல் வெந்து குழையும். கடையில் விற்கும் கறுப்பான புளி விழுது மிகவும் செறிவானது. அதைப் பயன்படுத்துவதானால் கொஞ்சமாக எடுத்துத் தண்ணீர் சேர்த்துச் சுவை பார்த்தே ஊற்ற வேண்டும்.

இனிப்பு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. தாய்லாந்தின் பனஞ்சர்க்கரை இரண்டு மரங்களில் இருந்து வருகிறது. ஒன்று தென்னை. இன்னொன்று நம் பனையேதான். பாங்காக்கிற்குத் தென்மேற்கே உள்ள பெச்சபுரி மாகாணம் பனைமரங்களுக்கும் பனஞ்சர்க்கரைக்கும் பெயர் பெற்றது. ஆனால் அங்கே காய்ச்சி எடுக்கும் சர்க்கரை வெளிர் பழுப்பாக, மெத்தென்று, கொஞ்சம் கேரமல் மணத்தோடு இருக்கும். நம் கருப்பட்டி கறுப்பு, அதன் மணமும் ஓங்கியது. மரம் ஒன்றே என்பதால் நான் கருப்பட்டி போட்டுப் பார்த்தேன், தட்டு முழுவதும் கருப்பட்டி வாசம்தான் நின்றது. வெளிர் நிற மண்டை வெல்லம் இதைவிடப் பொருத்தமாக இருந்தது. அதுவும் இல்லையென்றால் நாட்டுச் சர்க்கரை. 45 கிராம், துருவியது மூன்று மேசைக்கரண்டி.

மீன் சாஸை அங்கே 'நாம் ப்ளா' என்பார்கள், மீன் நீர் என்று பொருள். நெத்திலி வகை மீன்களையும் உப்பையும் ஒரு வருடத்துக்கும் மேலாகத் தொட்டியில் ஊறவைத்து வடித்தெடுப்பது. புட்டியைத் திறந்ததும் வரும் நெடியைக் கண்டு பயந்துவிடாதீர்கள். சூட்டில் அந்த நெடி போய், கருவாட்டுக் குழம்பில் இருப்பது போன்ற அடியாழமான ருசி மட்டும் தங்கும். இரண்டரை மேசைக்கரண்டி போதும். வேறு உப்பு வேண்டாம்.

சிறிய பாத்திரத்தில் சர்க்கரையை முதலில் போட்டு, இளந்தீயில் உருகி ஓரம் நுரைத்து நிறம் சற்று மாறும்போது புளிச்சாற்றையும் மீன் சாஸையும் ஊற்றுங்கள். கட்டிப்படும், பரவாயில்லை, கலக்கினால் கரைந்துவிடும். கரைந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். புளிக்காய்ச்சல் போல எண்ணெய் பிரியச் சுண்டவைக்கும் பழக்கம் இங்கே உதவாது. நூடுல்ஸ் குடிப்பதற்கு அந்த ஈரம் வேண்டும். சுவை பார்க்கும்போது மூன்றும் அழுத்தமாக, தனியாகக் குடிக்க முடியாத அளவுக்குத் தூக்கலாக இருக்க வேண்டும். நூடுல்ஸில் உப்பு சப்பு எதுவும் இல்லை, எல்லாவற்றையும் இந்தச் சாறுதான் ஈடுகட்ட வேண்டும்.

தக்காளி கெச்சப் சேர்க்கும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. புளி எளிதில் கிடைக்காத நாடுகளில் தொற்றிக்கொண்ட பழக்கம் அது. புளி இல்லாத வீடே இல்லாத நமக்கு அது தேவையில்லை.

மற்ற பொருள்கள்

இறால், முட்டை, வேர்க்கடலை, சின்ன வெங்காயம், எலுமிச்சை ஆகியவற்றுக்கு விளக்கம் வேண்டாம். கடலையைத் தோல் நீக்கி வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

முளைப்பயறு என்றதும் வீட்டில் ஈரத்துணியில் கட்டி முளைவிடுகிற பச்சைப்பயறு நினைவுக்கு வரும். பயறு அதே பயறுதான். ஆனால் இங்கே வேண்டியது இருட்டில் வளர்ந்து விரல் நீளத்துக்கு வெள்ளைத் தண்டு விட்டது. மலேசியாவில் 'தௌகே' என்பார்கள். குட்டை முளையைப் போட்டால் பயறின் பச்சை வாடையும் கடிபடும் பருப்பும் துருத்திக்கொண்டு நிற்கும். நீளமானது கிடைக்காவிட்டால், கொஞ்சம் முட்டைக்கோஸை மெல்லிய நூலாக அரிந்து கடைசியில் போடுவது மேல். 'குய்ச்சாய்' எனப்படும் பூண்டுத் தாளுக்கு வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி நல்ல மாற்று.

பலரும் விட்டுவிடும் இரண்டு பொருள்கள் உண்டு, அவற்றை விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். ஒன்று காய்ந்த இறால், அதாவது நம் கருவாட்டுக் கடையில் விற்கும் சென்னாக்குனியைவிடச் சற்றுப் பெரியது. ஒரு மேசைக்கரண்டி போதும். இன்னொன்று 'சாய் போ' என்ற, உப்பும் இனிப்பும் ஏற்றிப் பதப்படுத்திய வெள்ளை முள்ளங்கி. பொடியாக நறுக்கி ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் கடிக்கும்போது அங்கங்கே இனிப்பும் உப்பும் தட்டுப்படும். ஆசியப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

தோஃபு, அதாவது சோயாப் பால் கட்டி, கெட்டியான வகையாக, தண்ணீர் பிழிந்ததாக இருக்கட்டும். அதற்குப் பதில் பனீர் போடலாமா என்று கேட்பார்கள். பாலின் வாசம் புளியோடும் மீன் சாஸோடும் சேர மறுக்கிறது. நான் போடுவதில்லை.

அடுப்பில்

பாங்காக் தெருக்களில் பாட் தாய் செய்பவர்கள் பலர் வைத்திருப்பது குழிந்த வாணலியே இல்லை. அகலமான, ஆழம் குறைந்த, ஏறக்குறையத் தட்டையான இரும்புச் சட்டி. நூடுல்ஸ் பரந்து கிடக்க இடம் வேண்டும் என்பதால்தான் அப்படி. வீட்டில் இருக்கும் அகலமான இரும்பு வாணலி, விளிம்புள்ள இரும்புக்கல் எதுவானாலும் சரி. புகை எழும்பும் அளவுக்குக் காய வேண்டியிருப்பதால் ஒட்டாத பூச்சுள்ள சட்டி இதற்கு ஏற்றதல்ல.

வீட்டு அடுப்பின் தீ தெருக்கடை அடுப்பின் தீ அளவுக்கு இருக்காது. அதனால் ஒரு தடவைக்கு ஒரு தட்டுக்கு மட்டும் செய்யுங்கள். இதற்குக் காரணம் எளிது. வாணலியில் தண்ணீர் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றிய பிறகுதான் நூடுல்ஸின் மேற்பரப்பு அதற்கு மேல் சூடேறி, சர்க்கரை லேசாகக் கருகி, அந்த வறுபட்ட மணம் வரும். நான்கு பேருக்கு ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் வற்றுவதற்குள் நூடுல்ஸ் குழைந்துவிடும். காதாலேயே இதைத் தெரிந்துகொள்ளலாம்: ஈரம் இருக்கும்போது களகளவென்று கொதிக்கும் ஒலி, வற்றியதும் சடசடவென்று பொரியும் ஒலி.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் எல்லாப் பொருளையும் கைக்கெட்டும் தூரத்தில், போடும் வரிசையில் எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு தட்டு முடிய நான்கைந்து நிமிடம்தான் ஆகும். நடுவில் வெங்காயம் நறுக்க நேரம் கிடைக்காது.

வாணலி நன்றாகக் காய்ந்ததும் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, இறாலைப் போட்டு நிறம் மாறியதும் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். கடைசிவரை உள்ளே கிடந்தால் ரப்பராகும். அதே எண்ணெயில் நறுக்கிய வெங்காயம், ஒரு பல் பூண்டு, தோஃபு, காய்ந்த இறால், முள்ளங்கி ஆகியவற்றைப் போட்டு வெங்காயத்தின் ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். இப்போது நூடுல்ஸில் பாதி, உடனே சாஸில் பாதி. தீ முழுதாக எரியட்டும். இரண்டு கரண்டிகளை வைத்துக்கொண்டு தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள், அழுத்த வேண்டாம்.

சுமார் இரண்டு நிமிடத்தில் சாஸ் கண்ணில் படாமல் போகும், நூடுல்ஸ் பழுப்பேறி மினுங்கும். ஒரு கீற்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். இந்த ஒரு வாயில்தான் சமையல் முழுவதும் நிற்கிறது. நடுவில் இன்னும் விறைப்பாக இருந்து வாணலி காய்ந்திருந்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துப் புரட்டுங்கள், தேவைப்பட்டால் மறுபடியும். அதற்கு மாறாக நூடுல்ஸ் பதமாகி, சாஸ் மட்டும் தேங்கி நின்றால் கிளறுவதை நிறுத்திவிட்டு, பரப்பி அரை நிமிடம் அப்படியே விடுங்கள். ஈரம் ஓடிவிடும். குறைவாக ஊறிய நூடுல்ஸைத் தண்ணீர் தெளித்துச் சரிசெய்யலாம். அதிகமாக ஊறியதை மீட்க வழியே இல்லை. சந்தேகம் வந்தால் குறைவாக ஊறவைக்கச் சொல்வது இதனால்தான்.

நூடுல்ஸ் சரியான பதத்துக்கு வந்ததும் ஓரமாக ஒதுக்கி, காலியான இடத்தில் சில சொட்டு எண்ணெய் விட்டு ஒரு முட்டையை உடைத்து ஊற்றுங்கள். மஞ்சள் கருவைக் கலைத்து, பாதி இறுகியதும் நூடுல்ஸை அதன்மேல் இழுத்துப் போட்டுப் பத்து நொடி பொறுத்துப் புரட்டுங்கள். முட்டை துண்டுதுண்டாகப் பிரிந்து ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு இறுகும் முன் கிளறினால் முட்டை பூசினாற்போலாகி நூடுல்ஸ் பிசுபிசுக்கும். பாங்காக்கின் மஹாசாய் சாலையில் 1966 முதல் நடக்கும் 'திப்சமாய்' கடையில், மெல்லிய முட்டைத் தகட்டுக்குள் பாட் தாயைப் பொதித்துத் தருவார்கள். பார்க்க அழகு. முதலில் சாதாரண முறை கைவரட்டும்.

இறாலைத் திரும்பப் போட்டு, ஒரு கைப்பிடி முளைப்பயறு, வெங்காயத்தாள், ஒரு மேசைக்கரண்டி கடலைப்பொடி தூவி அடுப்பை அணைத்துவிடுங்கள். இரண்டு புரட்டு போதும். முளைப்பயறு சூட்டில் வாடினால் போதுமானது, வெந்தால் தண்ணீர் விட்டு இவ்வளவு பாடுபட்டு வற்றவைத்ததை எல்லாம் கெடுத்துவிடும்.

சைவமாகச் செய்ய

தாய்லாந்திலேயே இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'மங்சவிரத்' என்பது மாமிசத்தை விலக்குதல் என்ற பொருளுள்ள வடமொழிச் சொற்களில் இருந்து வந்தது. பொதுவாக முட்டையும் பாலும் உண்டு. 'ஜே' என்பது சீன வழி விரதம். அதில் முட்டை, பால் மட்டுமல்ல, பூண்டு, வெங்காயம், குய்ச்சாய் கூடக் கிடையாது. விரத நாட்களில் கடைகளில் சிவப்பு எழுத்துள்ள மஞ்சள் கொடி பறக்கும். வீட்டில் செய்ய, மீன் சாஸுக்குப் பதில் வெளிர் சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டியும் அரைத் தேக்கரண்டி உப்பும். முள்ளங்கியின் அளவை இரட்டிப்பாக்குங்கள். மீன் சாஸும் காய்ந்த இறாலும் தந்த ஆழத்தில் பெரும்பகுதியை அது ஈடுகட்டும்.

சமைக்கும்போது மிளகாய் சேர்க்கவே இல்லையே என்று கேட்கலாம். அது சாப்பிடுபவரின் கையில் விட்ட விஷயம். அங்கே மேசையில் சர்க்கரை, மிளகாய்த்தூள், மீன் சாஸ், மிளகாய் ஊறிய வினிகர் என்று நான்கு கிண்ணங்கள் இருக்கும். தட்டின் ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு, பச்சை முளைப்பயறு, கடலைப்பொடி, சில கடைகளில் வாழைப்பூவின் இளம் மடலும் வைப்பார்கள். எலுமிச்சையை முதலில் பிழியுங்கள், பிறகு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மற்றதைக் கூட்டுங்கள்.

எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று முதல் தட்டை மூடி வைக்காதீர்கள். மூடினால் ஆவி இறங்கி நூடுல்ஸ் குழையும், திறந்து வைத்தால் விறைத்து ஒட்டிக்கொள்ளும். வீட்டில் தோசை எப்படி நடக்கிறதோ அப்படியே நடக்கட்டும்: கல்லில் இருந்து நேராகத் தட்டுக்கு, முதலில் குழந்தைக்கு, அடுத்தது அடுத்தவருக்கு. சுடுபவர் மீதிச் சாஸையும் மீதி நூடுல்ஸையும் எடுத்துக்கொண்டு, வாணலி மறுபடி புகையும்வரை காத்திருந்து இரண்டாவது தட்டைத் தொடங்கலாம்.